ஜன்னலோர மேஜை

நாளைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல். இன்று இரவு ஒரு வேளையாவது நல்ல மீன் சாப்பிட வேண்டும். துறைமுக நகரத்தில் வந்து இறங்குகிற எந்தப் பிரயாணிக்கும் எழுகிற ஆசைதான் இது; நியாயமான ஆசையும்கூட. ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இந்த ஆசை நிறைவேறுவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஏன் நிறைவேறுவதில்லை என்று யோசித்துப் பார்க்கலாம். ஹோட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது பெரும்பாலும் சிபாரிசு. சிபாரிசுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விமர்சனத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

நான் பார்த்த ஊரை வைத்தே சொல்கிறேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிற சியாட்டில் நகரம். அலாஸ்காவுக்குப் போகிற உல்லாசக் கப்பல்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை இங்கிருந்து புறப்படுகின்றன. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துறைகளுக்கு அங்கே நம்பர்தான் பெயர். கப்பல் ஏறுகிற இடங்கள் இரண்டு: 66-ஆம் துறை, 91-ஆம் துறை. கடற்கரையை மறைத்துக்கொண்டு நின்ற பழைய மேம்பாலச் சாலையை 2019-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 2024-ல் பைக் பிளேஸ் சந்தையிலிருந்து கடற்கரைக்கு நடந்தே இறங்கும்படி ஒரு பெரிய நடைமேடையும் கட்டிவிட்டார்கள். ஆகவே, பிரயாணி மாலையில் நடக்கப் புறப்பட்டால் கால் தானாகவே தண்ணீரண்டை கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே வரிசையாக ஹோட்டல்கள். எல்லாவற்றிலும் கண்ணாடிச் சுவர்; எல்லாவற்றிலும் மீன்.

ஜூலை மாதம் ஒரு மாலையில் நாங்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். நான், என் மனைவி, டல்லாஸிலிருந்து வந்த மகன், மருமகள். மகன் கைபேசியில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து, ஜன்னலோர மேஜையாகவே சொல்லி வைத்திருந்தான். எதிரே எலியட் குடா. அதற்கு அப்பால் ஒலிம்பிக் மலைகள், உச்சியில் மிச்சம் இருந்த பனியோடு. வெள்ளைப் படகு ஒன்று கரையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கோடையில் அந்த ஊரில் இரவு ஒன்பது மணி வரையில் வெளிச்சம் இருக்கிறது. இதைவிட நல்ல காட்சியை எந்த ஹோட்டலும் தர முடியாது.

மெனுவில் 'சால்மன்' என்று மட்டும் போட்டிருந்தது. எந்தச் சால்மன் என்று பரிமாறுகிற பையனைக் கேட்டேன். "ரொம்ப ஃப்ரெஷ்" என்றான். எந்த வகை என்று மறுபடியும் கேட்டேன். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "அட்லாண்டிக்" என்றான். பையன் பொய் சொல்லவில்லை. அவனை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே அலையடிப்பது பசிபிக் கடலின் தண்ணீர். தட்டில் வந்து உட்கார்ந்தது அட்லாண்டிக் மீன். அமெரிக்க ஹோட்டல்களில் அட்லாண்டிக் சால்மன் என்று வருவது கடலில் பிடித்த மீனே அல்ல. கூண்டில் தீனி போட்டு வளர்த்தது. என் மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னங்க, இது கடலைப் பாத்திருக்குமா?" என்றாள். பார்த்திருக்காது என்றே தோன்றியது. பில் வந்தபோது மகன் அதை என் கண்ணில் காட்டாமல் கொடுத்துவிட்டான்.

இது மோசடி அல்ல. மோசடியாக இருந்தால் விஷயம் சுலபம், போலீஸ்காரனைக் கூப்பிட்டுவிடலாம். இதில் இருப்பது வியாபாரக் கணக்கு. அந்த ஹோட்டலில் அன்று மாலை இருந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்: மறுநாள் கப்பல் ஏறிவிடுவார்கள், வந்த மீன் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்பி வரமாட்டார்கள். திரும்பி வராத வாடிக்கைக்காரனுக்கு நல்ல மீன் போட்டு என்ன லாபம்? அவன் கொடுக்கிற பணம் மேஜைக்கும் ஜன்னலுக்குமான வாடகை. மீன் அதற்கு ஒரு சாக்கு. எந்த ஊரிலும் சமையலின் தரத்தைக் காப்பாற்றுகிறவன் அடுத்த வாரமும் வருகிற ஆள்தான். "போன தடவை மாதிரி இல்லையே" என்று சொல்ல அவன் ஒருவனால்தான் முடியும். நமக்குப் 'போன தடவை' என்று ஒன்று கிடையாது. கைபேசியில் நட்சத்திரம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கும் கிடையாது. அவர்கள் போடுகிற ஐந்தில் மூன்று நட்சத்திரம் மலைக்கும், ஒன்று படகுக்கும் போய்விடுகிறது.

ஜன்னல் செய்கிற இன்னொரு காரியம் இதைவிட முக்கியம். கண்ணுக்கு எதிரே தெரிகிற தண்ணீரிலிருந்துதான் தட்டில் இருக்கிற மீன் வந்தது என்று அது நம்மை நம்ப வைத்துவிடுகிறது. சியாட்டிலில் இந்த நம்பிக்கைக்குக் கொஞ்சமும் ஆதாரம் இல்லை. எலியட் குடாவில் வந்து விழுகிற டுவாமிஷ் ஆற்றின் கீழ்ப்பகுதியை, தொழிற்சாலைக் கழிவால் கெட்ட இடம் என்று 2001-ல் மத்திய அரசாங்கம் தன் சுத்திகரிப்புப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயே வசிக்கிற நண்டையும் மட்டியையும் அடிமண்ணில் மேய்கிற மீனையும் சாப்பிட வேண்டாம் என்று சுகாதார இலாகா எச்சரித்திருக்கிறது. கடலிலிருந்து வந்து ஆற்றைக் கடந்து போகிற சால்மன் மட்டும்தான் விலக்கு. நல்ல வேளையாக, ஜன்னலில் தெரிகிற தண்ணீருக்கும் தட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் சியாட்டிலின் நல்ல மீன் எங்கிருந்து வருகிறது? பெரும் பகுதி அலாஸ்காவிலிருந்து. அதாவது, நாளைக்கு நாம் கப்பலில் போகப்போகிற திசையிலிருந்து. இந்த ஊர் மீனவர்களின் படகுகள் வடக்கே போய்ப் பிடித்து வருகின்றன, விமானத்திலும் வருகிறது. மீன்பிடிப் படகுகள் நிற்கிற இடம் உல்லாசக் கப்பல் துறையில் இல்லை. ஊரின் வடக்கே சால்மன் பே என்னும் நீர்ப்பரப்பில் 'ஃபிஷர்மென்ஸ் டெர்மினல்' என்று 1914-ல் திறந்த ஒரு படகுத் துறை இருக்கிறது. 91-ஆம் துறையிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் கப்பல் பிரயாணிகளை அங்கே அதிகம் காணோம்.

எங்களை அங்கே அனுப்பியது நட்சத்திரமில்லை. மறுநாள் காலையில், தங்கியிருந்த விடுதியில் காப்பி கொடுத்த அம்மாளிடம் கேட்டேன். "நல்ல மீன் ஹோட்டல் எது?" என்று கேட்டிருந்தால், வருகிற எல்லோருக்கும் சொல்கிற பெயரையே எனக்கும் சொல்லியிருப்பாள். "கடைசியாக நீங்கள் சொந்தக் காசு கொடுத்து வெளியில் மீன் சாப்பிட்டது எங்கே?" என்று கேட்டேன். சற்று யோசித்தாள். ஒருவரை யோசிக்க வைக்கிற கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைக்கும். "என் தம்பி பிறந்த நாளுக்கு டெர்மினலுக்குப் போனோம்" என்றாள். நாங்கள் பெட்டிகளோடு பதினொரு மணிக்கு அங்கே போய்விட்டோம்.

காட்சி என்று பார்த்தால் அங்கேயும் தண்ணீர் உண்டு. ஆனால் மலையையும் சூரியனையும் முந்திக்கொண்டு வலைகளும் கயிறுகளும் துருப்பிடித்த சங்கிலிகளும் கண்ணில் படுகின்றன. படகுகளுக்கு நடுவே ஒரு நினைவுத் தூண். வடகடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 600-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிற இடங்களில் நின்று படிக்க முடியவில்லை. மீன் விலை அதிகம் என்று முந்தின நாள் இரவு நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. நல்ல மீனுக்கு நியாயமான விலை என்ன என்பதை அந்தத் தூணுக்கு எதிரே நின்று நிர்ணயிப்பது கஷ்டம்.

அங்கே சாப்பிட்ட ஹோட்டலின் மெனுவில் மீனின் பெயர், பிடித்த இடம், பிடித்த விதம் மூன்றும் இருந்தன. ஒரு மெனுவை விமர்சகனாகப் படிக்க வேண்டுமானால் இந்த மூன்றையும்தான் தேட வேண்டும். பசிபிக் சால்மனில் அந்தப் பக்கத்தில் ஐந்து வகை: சினூக், சாக்கை, கோஹோ, பிங்க், சம். சினூக்குக்குக் 'கிங்' என்றும் பெயர். கொழுப்பு மிகுந்தது, விலையும் மிகுந்தது. சாக்கை ரத்தச் சிவப்பாக, அழுத்தமான ருசியோடு இருக்கும். கோஹோ சாது. இப்படி ஐந்து பெயர் இருக்கும்போது வெறும் 'சால்மன்' என்று எழுதுகிறவன் ஒன்று தெரியாதவன், அல்லது சொல்ல விரும்பாதவன். பாத்திரத்துக்குப் பெயர் வைக்காமல் 'ஒரு மனிதன்' என்றே கதை முழுவதும் எழுதுகிற ஆசாமியை நம் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்தச் சந்தேகம்தான் இங்கேயும் வர வேண்டும்.

பெயர் என்பது ருசிக்கு வெளியே இருக்கிற அலங்காரம் இல்லை என்பதற்குக் காப்பர் நதி மீனே சாட்சி. அலாஸ்காவில் கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர் ஓடுகிற நதி அது. குளிர்ந்த, வேகமான தண்ணீர். அதை எதிர்த்து ஏறியாக வேண்டிய மீன் நிறையக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. அந்தக் கொழுப்புதான் ருசி. ஆனால் 1980-களின் தொடக்கம் வரை அந்த மீனில் பெரும் பங்கு டின்னில் அடைபட்டோ, உறைந்தோ பெயரில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அலாஸ்காவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜான் ரௌலி என்பவர், பிடித்த உடனே படகிலேயே ரத்தத்தை வடித்து ஐஸில் வைக்கும்படி மீனவர்களுக்கு எடுத்துச் சொல்லி, 1983-ல் அந்த மீனைச் சியாட்டில் ஹோட்டல்கள் சிலவற்றுக்குக் கொண்டுவந்தார். 2017-ல் அவர் காலமானார். இப்போது மே மாத மத்தியில் அந்த நதியின் முதல் மீன் விமானத்தில் வந்து இறங்குவது ஊருக்கே திருவிழா. மீன் அதே மீன்தான். கையாண்ட விதம் மாறியது, பெயர் வந்தது, ஜனங்கள் ருசி பார்த்தார்கள்.

பெயர் சொல்லாமல் விட்டதன் பலனையும் அந்த ஊர் பார்த்துவிட்டது. 2017 ஆகஸ்டில், சியாட்டிலுக்கு வடக்கே சைப்ரஸ் தீவுக்குப் பக்கத்தில் வளர்ப்பு மீன் கூண்டு ஒன்று உடைந்தது. மாநில அரசாங்கத்தின் கணக்குப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்லாண்டிக் சால்மன்கள் பசிபிக்கில் கலந்துவிட்டன. அடுத்த வருஷமே, அந்நிய மீனைக் கடலில் கூண்டு கட்டி வளர்ப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். நான் ஜன்னலோர மேஜையில் பெயர் தெரியாமல் சாப்பிட்டது இந்த ஜாதி மீனைத்தான். எங்கே வளர்ந்ததோ, அந்தப் பையனுக்கும் தெரியாது.

அடுத்தது பருவம். கப்பல் கோடையில் போகிறது. எல்லாக் கடல் உணவுக்கும் கோடை நல்ல காலமில்லை. சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாகச் சிப்பி சாப்பிடுவது அந்த ஊரின் பெருமைகளில் ஒன்று. ஆனால் வெயில் காலத்தில் பசிபிக் சிப்பி கருவுற்றுப் பாலாகக் குழைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் விப்ரியோ என்னும் கிருமியும் பெருகுகிறது. அதற்காகவே கோடையில் சிப்பி எடுப்பதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகஸ்டில் பச்சைச் சிப்பியைத் தின்றுவிட்டு மறுநாள் ஏழு நாள் பிரயாணத்துக்குக் கப்பல் ஏறுவது தைரியசாலிகளின் காரியம். ஏப்ரலில் போகிறவர்கள் ஆசைப்படலாம். மற்றவர்கள் வேகவைத்துச் சாப்பிடட்டும். டஞ்சனெஸ் நண்டு அந்த மாநிலத்து ஊர் ஒன்றின் பெயரையே கொண்டது. அதிலும் ஆண் நண்டு, ஓட்டின் அகலம் ஆறேகால் அங்குலம் இருந்தால்தான் வியாபாரத்துக்குப் பிடிக்கலாம் என்பது சட்டம். கடலோரத்தில் அதன் முக்கியமான பருவம் குளிர்காலம். கோடையில் நண்டு கேட்டால், எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'உறைய வைத்தது' என்ற வார்த்தையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். படகிலேயே சில மணி நேரத்துக்குள் உறைய வைத்த மீன், ஐஸில் பத்து நாள் பயணம் செய்து வந்த 'ஃப்ரெஷ்' மீனைவிட எவ்வளவோ மேல்.

இவ்வளவு சொன்ன பிறகு நேர் எதிரான மூடநம்பிக்கை ஒன்று தலைதூக்கும். அதாவது, ஜன்னல் இருந்தால் கெட்ட ஹோட்டல், சந்துக்குள் அழுக்காக இருந்தால் நல்ல ஹோட்டல் என்பது. இதுவும் சோம்பேறித்தனம்தான். காப்பர் நதி மீனை முதலில் வாங்கிய ஹோட்டல்களில் ஒன்றான ரேய்ஸ் போட்ஹவுஸ், தண்ணீரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் ஜன்னல் யாருக்கும் இளைத்ததல்ல. 54-ஆம் துறையில் ஐவர் ஹாக்லண்ட் என்பவர் 1938-ல் ஒரு மீன் காட்சிசாலையும் வறுத்த மீன் கடையும் ஆரம்பித்தார். 1946-ல் அங்கேயே பெரிய ஹோட்டல் திறந்தார். பாட்டுப் பாடுகிறவர், பெரிய விளம்பரப் பிரியர். 1947-ல் பக்கத்தில் ரயில் தொட்டி உடைந்து பாகு கொட்டியபோது, தோசை போன்ற அவர்கள் ஊர்ப் பணியாரத்தில் அந்தப் பாகை ஊற்றிக்கொள்வது மாதிரிப் படம் பிடித்துக்கொண்டவர். 'அமைதியாக இரு' என்கிற ஆங்கில வாசகத்தில் இரண்டு எழுத்தை இடம் மாற்றி 'மட்டியாக இரு' என்று போர்டு வைத்தார். தமிழில் மட்டிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று தெரிந்திருந்தால் அதையும் ரசித்திருப்பார். இத்தனை கோமாளித்தனத்துக்கும் அடியில் ஒரு கணக்கு இருந்தது. உல்லாசக் கப்பல்கள் இவ்வளவு வர ஆரம்பித்தது 2000-க்குப் பிறகுதான். ஹாக்லண்ட் 1985-ல் இறந்துவிட்டார். அவர் சிரிக்க வைத்தது உள்ளூர்க்காரர்களை. அவர்கள் மறுபடியும் வர வேண்டியிருந்தது.

பைக் பிளேஸ் சந்தையும் அப்படித்தான். வெங்காய விலையைத் தரகர்கள் ஏற்றிவிட்ட கோபத்தில், விவசாயியே நேரில் வந்து விற்கட்டும் என்று 1907-ல் ஆரம்பித்த சந்தை அது. அதை இடித்துவிட்டுக் கட்டடங்கள் எழுப்பத் திட்டம் போட்டபோது, 1971-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று அங்கே மீன் கடைக்காரர்கள் சால்மனைப் பந்து மாதிரி வீசிப் பிடிக்கிறார்கள். நூறு பேர் படம் எடுக்கிறார்கள். வேடிக்கை பார்த்தாலும் பரவாயில்லை. பார்த்துவிட்டு, கூட்டத்தில் படம் எடுக்காமல் மீனின் செவுளைப் பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். அவர் வாங்குகிற கடையில் வாங்கலாம். அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடலாம்.

ருசியோடு நிற்காத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. சினூக்கைப் பற்றியது. திமிங்கிலம் பார்க்கத்தான் பாதிப் பேர் அலாஸ்காக் கப்பல் ஏறுகிறார்கள். சியாட்டில் பக்கத்துக் கடலில் வாழ்கிற ஓர்க்காத் திமிங்கிலக் கூட்டத்தில் இன்று 80-க்கும் குறைவாகவே மிச்சம். அவற்றின் முக்கியமான ஆகாரம் சினூக். அந்தப் பக்கத்து ஆறுகளின் சினூக் 1999-லேயே அருகிவரும் இனம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. 2018-ல் ஒரு தாய் ஓர்க்கா, செத்துப்போன தன் குட்டியை 17 நாள் சுமந்துகொண்டு நீந்தியதை உலகமே பார்த்தது. எல்லாச் சினூக்கும் ஒரே ஆற்று மீன் அல்ல. சாப்பிடுவது பாபம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 'எந்த ஆற்றுச் சினூக்?' என்று கேட்பது இங்கே வெறும் நாக்குச் சபலமாக நின்றுவிடுவதில்லை. மெனுவில் குவினால்ட் என்று ஒரு பழங்குடியின் பெயர் இருந்தால் அதற்கும் கதை உண்டு. 1850-களில் செய்த உடன்படிக்கைகளைக் காற்றில் பறக்கவிட்டு, அந்த ஜனங்கள் தங்கள் மீனைத் தாங்கள் பிடித்ததற்காகவே அவர்களைக் கைது செய்துகொண்டிருந்தார்கள். 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்குச் சேர வேண்டியது என்று தீர்ப்புச் சொன்னார். பெயர் சொல்லி விற்கிற ஹோட்டல் இத்தனைக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறது. பெயர் சொல்லாத ஹோட்டல் நம்மை ஜன்னலைப் பார்க்கச் சொல்கிறது.

டெர்மினலில் அன்று நாங்கள் சாக்கை சாப்பிட்டோம். நெருப்பில் வாட்டி, உப்பும் எலுமிச்சையும் மட்டும். பரிமாறிய பெண்மணி, கேட்பதற்கு முன்பே எந்தக் குடாவின் மீன் என்று சொல்லிவிட்டாள். என் மனைவி ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பாராட்டு.

சியாட்டில் கப்பல்கள் ஏழு நாளில் அதே துறைக்குத் திரும்புகின்றன என்பதை, நகரத்தின் ஹோட்டல்காரர்களைப் போலவே பிரயாணிகளும் மறந்துவிடுகிறார்கள். விடியற்காலையில் இறக்கிவிட்டுவிடுவார்கள். எங்களுக்கு விமானம் ராத்திரி. பகல் முழுவதும் எங்கே போவது என்று மகன் கைபேசியை எடுத்தான். "அதெல்லாம் எதுக்குப்பா, அந்தப் படகுத் துறைக்கே போவோம்" என்றாள் அவன் அம்மா.

ஒரு புஸ்தகத்தைப் பற்றி எனக்கிருக்கிற அளவுகோல் மறுபடியும் படிக்கத் தோன்றுகிறதா என்பதுதான். ஹோட்டலுக்கும் வேறு அளவுகோல் தேவையில்லை என்று நினைக்கிறேன். அன்று ஹாலிபட் சாப்பிட்டோம். போன வாரத்துச் சாக்கை அளவுக்கு இல்லை என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்ல முடிந்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி.